தீவுக் கிண்ணம் நடத்தப் போகிறீர்களா? முதலில் விதித் தாளை எழுதுங்கள்

தீவுக் கிண்ணம் என்று ஒரு உதைபந்தாட்டப் போட்டி வைக்க நினைத்த, திருகோணமலை உப்புவெளிப் பக்கத்துப் பெடியள் இரண்டு பேர் போன கிழமை வந்து, "அண்ணை, கப் வாங்கியாச்சு, ஜேர்சிக்கும் ஆள் பிடிச்சாச்சு, இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார்கள். கப்பை ஒரு மூலையில் வையுங்கள், ஒரு ஏ4 தாளும் பேனையும் எடுங்கள் என்றேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் யோசனை புதிது ஒன்றுமில்லை. கரீபியன் கிண்ணம் என்று ஒன்று 1989 முதல் 2017 வரை நடந்தது. அந்தக் கடலில் உள்ள தீவுகளின் தேசிய அணிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி அது. அதிக தடவை வென்றது டிரினிடாட் டொபேகோ, அடுத்தது ஜமைக்கா. கடைசிக் கிண்ணத்தை மார்டினிக்கில் ஜமைக்காவை 2-1 என்று வென்று கியூராசவோ தூக்கியது. ஒரே நாளில் நடந்து சுற்றி முடிக்கக்கூடிய அளவுச் சின்னத் தீவுகளும் அதில் விளையாடின. நாங்களும் எட்டு அணி சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர் வைப்போம். எல்லாருக்கும் ஜமைக்காதான் வேண்டும், அதனால் சீட்டுக் குலுக்குங்கள்.

இனி அந்தத் தாள். எங்கள் முதல் வருடம் இரண்டு அணிகள் புள்ளியிலும் கோலிலும் சரிசமமாக நின்றன. அப்படி வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. லைட் போடும் வரைக்கும் வாக்குவாதம், கடைசியில் காசு சுண்டிப் பார்த்தோம். தோற்ற பக்கம் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது, ஏனென்றால் பந்து அவர்களுடையது.

எழுதாமல் விட்டால் வருவது சண்டை. பிழையாக எழுதினால் வருவது அதைவிட மோசம். 1994 ஜனவரி 27 ஆம் திகதி கரீபியன் கிண்ணத் தகுதிச்சுற்றில் நடந்ததைப் பாருங்கள். ஒரு குழுவில் பார்படோஸ், கிரெனடா, போர்டோரிக்கோ என்று மூன்றே அணிகள். கடைசி ஆட்டம் பார்படோஸுக்கும் கிரெனடாவுக்கும். பார்படோஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் அடுத்த சுற்று. ஆட்டம் எதுவும் சமநிலையில் முடியக்கூடாது, மேலதிக நேரத்தில் போடும் கோல்டன் கோல் ஆட்டத்தை முடித்து வைக்கும், அதோடு அந்த ஒரு கோல் இரண்டாகக் கணக்கில் வரும் என்று யாரோ விதி எழுதியிருந்தார்கள்.

பார்படோஸ் 2-0 என்று முன்னுக்கு நின்றது. 83 ஆவது நிமிடம் கிரெனடா ஒன்று போட்டது. 2-1 என்று முடிந்தால் வெல்வது பார்படோஸ், மேலே போவது கிரெனடா. நேரம் போகிறது, கிரெனடாக்காரர் எல்லாரும் பின்னுக்கு நிற்கிறார்கள். 87 ஆவது நிமிடம் பார்படோஸ் ஆட்காரர் ஒருவர் தன் கீப்பரோடு பந்தை மாற்றி மாற்றித் தட்டிவிட்டு, வேண்டுமென்றே தன் வலைக்குள்ளேயே அடித்தார். 2-2. மேலதிக நேரத்துக்குப் போனால் ஒரு கோல் போதுமே, அது இரண்டாகிவிடும்! கிரெனடாவுக்கும் விசயம் பிடிபட்டது. எந்தப் பக்கத்து வலைக்குள் அடித்தாலும் அவர்களுக்கு லாபம்: 3-2 என்று வென்றாலும் போகலாம், 2-3 என்று தோற்றாலும் போகலாம். அப்புறம் என்ன, மிச்ச நிமிடங்களில் பார்படோஸ் இரண்டு பக்கத்துக் கோலையும் காவல் காத்தது. மேலதிக நேரத்தில் ஒன்று போட்டு 4-2 என்று மேலேயும் போனது.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் விளையாடிய பெடியளைத்தான் பழிக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, விதி எந்தப் பக்கம் வழி விட்டதோ அந்தப் பக்கம் போனார்கள். தாளை எழுதியவரைத்தான் பிடிக்க வேண்டும்.

எனவே உங்கள் தாளில் எழுத வேண்டியவை இவை. நான்கு நான்காக இரண்டு குழு, மூன்று பேர் குழு வேண்டவே வேண்டாம், ஏனென்றால் கடைசி நாளில் ஒரு அணி வேலிக்கு வெளியே நிற்க, மற்ற இரண்டும் தங்களுக்கு எத்தனை கோல் வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு விளையாடும். வென்றால் 3 புள்ளி, சமநிலைக்கு 1. குழு ஆட்டம் சமநிலையில் முடிந்தால் முடியட்டும், யாரையும் வற்புறுத்தி வெல்ல வைக்கத் தேவையில்லை. புள்ளி சமமென்றால் முதலில் அந்த அணிகள் தங்களுக்குள் மோதியதைப் பாருங்கள் (மூன்று அணி சமமானால் அந்த மூன்றுக்குள் மட்டும் ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள்), பிறகு கோல் வித்தியாசம், பிறகு போட்ட கோல்கள், அதற்கும் தீராவிட்டால் அணிக்கு மூன்று தண்ட உதை. கோல் வித்தியாசத்தை ஏன் முதலில் வைக்கவில்லை என்றால், வைத்த வருடம் பாவம் ஒரு சின்னப் பெடியள் அணிக்கு ஒரே ஆட்டத்தில் 11 கோல் விழுந்தது. அரையிறுதி சமமானால் நேராகத் தண்ட உதை. கோல்டன் கோல் என்ற சொல்லே தாளில் வரக்கூடாது, உலகக் கால்பந்து விதிகளிலிருந்தே 2004 இல் அதை எடுத்துவிட்டார்கள்.

குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒரு கிறவுண்ட்தானே இருக்கிறது என்பீர்கள். அணிக்கு 7 பேர் என்றால் முழு மைதானம் தேவையே இல்லை. நடுக்கோட்டில் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆட்டம் ஓடும். கோல் 5 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், பைப்பில் ஒட்டிக்கொள்ளலாம். பக்கத்து ஆட்டத்தின் விசிலில் குழம்பாமல் இருக்க, இரண்டு நடுவருக்கும் வேறு வேறு சத்தமுள்ள விசில் கொடுங்கள்.

நேரக் கணக்கு இப்படி வரும்: பாதிக்கு 10 நிமிடம், மாறுவது கூடுவது எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு அரை மணி. சனி காலை 6.30 க்குத் தொடங்கினால் 10.30 க்குள் எட்டு ஆட்டம், வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு குழுவின் கடைசி இரண்டு, நாலரைக்கு மற்றக் குழுவின் இரண்டு. அரையிறுதியும் இறுதியும் ஞாயிறு பின்னேரம். ஞாயிறு காலை வைத்தால் பூசைக்குப் போகிற பெடியள் வரமாட்டார்கள், வெள்ளி மத்தியானம் வைத்தால் கிண்ணியா, மூதூர் அணிகள் ஜும்மாவை விட்டுவிட்டு வரமாட்டா. நோன்பு மாதம் எப்போது என்று கலண்டரையும் பாருங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து மாரி, அதை மறந்துவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வைப்பதென்றால் பாதிக்குப் பாதி பக்கம் மாற்றுவதைத் தவறவிடாதீர்கள், காற்றை முதுகில் வாங்கிய கீப்பர் அடித்த பந்து எதிர்க் கோலுக்குள் விழுந்ததை நானே கண்டிருக்கிறேன்.

ஏகாம்பரம் மைதானமோ மக்கெய்சர் மைதானமோ கேட்பதென்றால் ஒரு மாதம் முன்னரே எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதி கடைசி நாளில் காணாமல் போகும்.

ஆட்காரர் பட்டியலில்தான் அடுத்த தலையிடி. முதல் நாள் ஒரு அணிக்கு ஆடியவன் அடுத்த நாள் இன்னொரு ஜேர்சியில் நிற்பான். தீவுகளிலும் இந்தக் கதை உண்டு. குவாதலூப் பிரான்ஸின் பகுதி, பீபாவில் உறுப்புரிமை இல்லை, ஆனால் கரீபியன் போட்டிகளில் தனி அணியாக ஆடும். அங்கே பிறந்த ஜோஸலின் ஆங்லோமா பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடி முடித்துவிட்டு, 41 வயதில், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் அணிகள் மோதும் 2007 தங்கக் கிண்ணத்தில் குவாதலூப்புக்கு ஆடினார். அவருக்கு இடையில் பல வருடம் போயிருந்தது, உங்கள் ஆளுக்கு ஒரு இரவுதான் போயிருக்கிறது. அணிக்கு 12 பேர், அடையாள அட்டை இலக்கத்தோடு வியாழன் இரவுக்குள், பிறகு ஒரு பெயரும் மாறாது.

நின்றுபோன ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். 1990 கரீபியன் கிண்ணம் டிரினிடாட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி, இறுதியாட்டம் நடக்கவேயில்லை. (அந்த வருடம் எங்கள் ஊரில் பந்தைப் பற்றி யோசிக்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.) உங்களுக்கு அதிகபட்சம் மழை வரும். பாதிக்கு மேல் ஆடியிருந்தால் அந்தக் கணக்கே முடிவு, இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் போட்டோகொப்பி எடுத்து, எட்டு கப்டன்மாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வேண்டுமென்று தன் வலைக்குள் அடிப்பதை என்ன செய்வது என்று ஒரு பெடியன் கேட்டான். இந்தத் தாளின்படி அதனால் யாருக்காவது லாபம் வருகிறதா என்று நீயே இருந்து கணக்குப் பார், வந்தால் எனக்குப் போன் எடு என்றேன். இன்னும் எடுக்கவில்லை.

கோட்டைப் பக்கத்து மான் கிறவுண்டுக்குள் வந்தால் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துங்கள், அது போன பிறகு பந்து நின்ற இடத்திலிருந்து ட்ரொப் போல், அதாவது நடுவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது.