குழந்தைக்கு வென்ஃப்ளான் போட வெயின் ஃபைண்டர்: புதிதாக வார்டுக்கு வந்தவர்களுக்கு

வென்ஃப்ளான் என்பது மருந்தும் திரவமும் ஏற்ற, ஊசியின் உதவியால் சிரை என்னும் ரத்தக்குழாய்க்குள் செருகும் மெல்லிய குழாய். வார்டில் "நரம்பு கிடைக்கல" என்று சொல்வது சிரையைத்தான். பேச்சு வழக்கு அது, இங்கேயும் நரம்பு என்றே எழுதுகிறோம். கடலூர், புதுச்சேரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகத் தூக்கி வரும் கைக்குழந்தைகளிடம் அது லேசில் சிக்காது. உடம்பில் நீர் வற்றியிருக்கும், கை சில்லிட்டிருக்கும், புறங்கை கொழுகொழுவென்று இருக்கும்.

வெயின் ஃபைண்டர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தோலில் வீசும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சும், சுற்றியுள்ள சதை திருப்பி அனுப்பும். கேமரா அந்த வேறுபாட்டைப் படித்து, நரம்புகளைத் தோல்மேலேயே கருங்கோடுகளாக வரைந்துகாட்டும். தெரிவது ஏறக்குறைய 1 செ.மீ. ஆழம் வரைதான். "எக்ஸ்ரேயா?" என்று அம்மா கேட்டால், இல்லை, வெறும் வெளிச்சம்தான் என்று சொல்லுங்கள்.

யாருக்கு எடுப்பது? நரம்பு கிடைப்பது எவ்வளவு கடினம் என்று கணிக்கும் டிவா மதிப்பெண் போடுங்கள். டூர்னிகெட் (கையை இறுக்கும் பட்டை) கட்டியும் நரம்பு தெரியாவிட்டால் 2, விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் 2. வயது 1 நிறையவில்லை என்றால் 3, 1 முதல் 3 வயதுக்குள் என்றால் 1. குறைமாதத்தில் பிறந்திருந்தால் 3. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் முதல் குத்து தவறவே வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தைக்குக் கருவியை முதலிலேயே எடுங்கள். மூன்று இடத்தில் குத்திவிட்டு எடுப்பது வீண், ஏனென்றால் தோலுக்கடியில் கசிந்த ரத்தமும் அதே ஒளியை உறிஞ்சி, திரை போட்டதுபோல் கரும்பட்டையாகத் தெரியும். நரம்பு பளிச்சென்று தெரியும் குழந்தைக்குக் கருவியே வேண்டாம்.

தயார் செய்தல். காப்பு, கறுப்புக் கயிறு இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய், பவுடரைத் துடையுங்கள், இல்லாவிட்டால் பிறகு பிளாஸ்டர் ஒட்டாது. கையை வெதுவெதுப்பான துணியில் சில நிமிடம் சுற்றி வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது, அதிலும் அகச்சிவப்பு ஒளி இருப்பதால் படம் மங்கும். மரப்புக் களிம்பு தடவினால் 1 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அது தோலை வெளுக்க வைத்து நரம்பைச் சுருக்கும் என்பதால், துடைத்த பிறகும் சற்றுப் பொறுங்கள். கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போடலாம்.

பார்த்தல். டூர்னிகெட்டை 1 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். கருவியைத் தோலுக்கு நேர்செங்குத்தாக, கையேடு சொல்லும் உயரத்தில் பிடியுங்கள். சாய்த்தால் கோடு நரம்பைவிட்டுத் தள்ளி விழும், புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். குழந்தையின் கண்ணில் ஒளி படக் கூடாது. நேராக, கிளை பிரியாத கோட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு விரலால் அழுத்தி, மறு விரலால் ரத்தத்தை வழித்துத் தள்ளுங்கள். அழுத்திய விரலை எடுத்ததும் கோடு மறுபடி நிறைந்தால் நரம்பு திறந்திருக்கிறது. ஆழத்தைப் படம் சொல்லாது. அதனால் துடிப்பு இருக்கிறதா (இருந்தால் அது தமனி), எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை விரலால் தடவிப் பார்த்தே ஆக வேண்டும்.

குத்துதல். மஞ்சள் நிற 24 கேஜ் (மெல்லிய அளவு) வென்ஃப்ளான் பெரும்பாலான கைக்குழந்தைகளுக்குப் போதும். கிருமிநாசினி தானாக உலரட்டும், ஊதாதீர்கள். ஒருவர் கருவியைப் பிடிக்க, நீங்கள் தோலை இழுத்துப் பிடித்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில் மெல்ல நுழையுங்கள். சிறு நரம்பில் ரத்தம் தாமதமாகத்தான் ஏறும். அவசரப்பட்டுத் தள்ளினால் பின்சுவர் கிழியும். ரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து இன்னும் 1 மி.மீ. நகர்த்தி, குழாயை மட்டும் உள்ளே வழுக்கிவிடுங்கள். வெளியே எடுத்த ஊசியைத் திரும்பக் குழாய்க்குள் செருகவே கூடாது, குழாய் அறுந்து ரத்தத்தோடு போய்விடும்.

டூர்னிகெட்டைத் தளர்த்தி 1 மி.லி. நார்மல் சலைன் (உப்பு நீர்) செலுத்துங்கள். கருவி மேலேயே இருந்தால், சலைன் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போகையில் கோடு ஒரு கணம் மறைவதைப் பார்க்கலாம். மறையாமல் தோல் வீங்கினால் வெளியே கசிகிறது, எடுத்துவிடுங்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் குத்திய இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

ஒருவருக்கு இரண்டு முயற்சி. அதற்குமேல் மூத்தவரைக் கூப்பிடுங்கள். குழந்தை ஷாக்கில் (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலையில்) இருந்தால் கருவியைத் தேடி ஓடவே வேண்டாம், மருத்துவர் எலும்புக்குள் ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள்.