மெசஞ்சர் தரவில் புதனின் காந்த எல்லையைப் பிடிப்பது எப்படி

புதன் கோளின் காந்தக்கோளத்தைப் பற்றி, அதாவது கோளைச் சுற்றி அதன் சொந்தக் காந்தப்புலம் ஆளும் பகுதியைப் பற்றி, கேட்டு வரும் மாணவர்களிடம் நான் படம் வரைந்து காட்டுவதில்லை. நாசாவின் மெசஞ்சர் விண்கலத்தின் ஒரு நாள் தரவைக் கையில் கொடுத்துவிடுவேன். 2011 மார்ச் முதல் 2015 ஏப்ரல் வரை அது புதனைச் சுற்றியது. 3.6 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இருந்த காந்தமானி பதிந்த எல்லாமே நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

2011-இல் ஒரு நாளை எடுங்கள். அப்போது சுற்றுக் காலம் 12 மணி நேரம் என்பதால் ஒரே நாளில் இரண்டு சுற்று கிடைக்கும். கோப்புப் பெயரில் வருடமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கும். ஒரு விநாடிச் சராசரிக் கோப்பையே எடுங்கள். 60 விநாடிச் சராசரி வசதியாகத் தெரியும். ஆனால் விண்கலம் எல்லையைக் கடக்கச் சில விநாடிகளே போதும், சராசரியில் அது கரைந்துவிடும்.

சூரியனை நோக்கிய அச்சு எக்ஸ், வடக்கு இசட், இரண்டுக்கும் செங்குத்தாகப் பக்கவாட்டில் செல்வது ஒய். கிலோமீட்டரில் உள்ள இடத்தை 2440-ஆல் வகுத்தால் புதனின் ஆர அலகில் வந்துவிடும். காந்தப்புலத்துக்கு இந்த மூன்று அச்சுகளிலும் உள்ள கூறுகளையும் மொத்த வலிமையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். விண்கலம் கோளை விட்டுத் தொலைவில் இருக்கும்போது ஒய் மதிப்பு எக்ஸை விடப் பெரிதாக இருக்கும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், பாதை பக்கவாட்டில் எல்லைகளைக் கடக்கும். தொடங்குபவர்களுக்கு அதுதான் நல்லது.

வெளியே சூரியக் காற்றில், அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்தில், புலம் ஏறக்குறைய 20 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு). அது திடீரென இரண்டு மூன்று மடங்காகத் தாவும் இடம் வில்லதிர்ச்சி: ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் காற்று புதனின் தடையைச் சந்தித்து வேகம் குறையும் இடம். அதற்கு உள்ளே கோடு கன்னாபின்னாவென்று ஆடும். அப்புறம் ஆட்டம் அடங்கி, புலத்தின் திசை திரும்பும் இடம்தான் காந்தக்கோள எல்லை. பலரும் வலிமைக் கோட்டை மட்டும் பார்த்து இங்கேதான் தடுமாறுகிறார்கள். எல்லையின் இருபுறமும் வலிமை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். மூன்று கூறுகளையும் பாருங்கள், இரைச்சல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்கும் உள்ளே, வடதுருவத்தை நெருங்கும்போது, புலம் பல நூறு நானோடெஸ்லாவாக ஏறும்.

ஒரே எல்லையை விண்கலம் நான்கைந்து முறை கடந்ததுபோலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சூரியக் காற்றின் அழுத்தம் மாறும்போது எல்லைதான் முன்னும் பின்னும் நகர்கிறது. முதல் கடப்பையும் கடைசிக் கடப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் வில்லதிர்ச்சி தெளிவான படியாக இல்லாமல் அலைகளின் கூட்டமாகவே இருக்கும். புதனின் தொலைவில் சூரியனின் காந்தப்புலம் பெரும்பாலும் சூரியனிலிருந்து நேராக வெளிநோக்கியே நீள்வதால் இது அடிக்கடி நடக்கும். அந்த நாளை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கண்ணால் குறிக்காமல் நிரலிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். இருபது சுற்றுகளாவது நீங்களே குறித்தால்தான் நிரல் எங்கே தவறுகிறது என்று புரியும்.

கடைசியாக, குறித்த இடங்களின் இசட் மதிப்பிலிருந்து 484 கிலோமீட்டரைக் கழியுங்கள். புதனின் காந்த மையம் கோளின் மையத்திலிருந்து அவ்வளவு வடக்கே தள்ளி இருக்கிறது. இதைச் செய்யாமல் மாதிரிகளோடு ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. காந்தக்கோள எல்லை சராசரியாகச் சூரியனை நேராகப் பார்த்த பக்கத்தில் 1.45 ஆரத்திலும், பக்கவாட்டில் ஏறக்குறைய 2 ஆரத்திலும் வர வேண்டும்.