கரையோரத்துக்கு 3டி பிரிண்டர் கொண்டுபோகிறவர்கள் விடும் பிழைகள்

டிசைன் படிப்பிக்கிறவர்கள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, ஒரு 3டி பிரிண்டரோடு திருகோணமலைக் கரையோரக் கிராமங்களுக்கு வருவது நல்ல விஷயம்தான். மகாராஷ்டிராவின் பாபல் கிராமத்தில், கணினியால் இயங்கும் மெஷின்களை ஊர்மக்களும் பாவிக்கக்கூடிய ஃபேப் லாப் என்ற பட்டறை 2002இலேயே வந்துவிட்டது. கிராமத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று இனி யாரும் கேட்க முடியாது.

பிழை, வளாகத்தை விட்டு வெளிக்கிடும்போதே தொடங்குகிறது. என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்டே வருவார்கள். கோணேசர் கோயில் கோபுரத்தைச் சின்னதாக அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், சரி. அடுத்த கிழமை அந்த மெஷினை யார் தேடப்போகிறார்கள்?

வலை பின்னுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். அவர் கையிலுள்ள ஊசியின் நடுவில் ஒரு நாக்கு இருக்கும். நூலைச் சுற்றும்போது அது வளைந்துகொடுக்க வேண்டும். 3டி பிரிண்டர் பிளாஸ்டிக்கைப் படை படையாக அடுக்கித்தான் அச்சடிக்கும். அதே ஊசியை நிமிர்த்தி வைத்து அச்சடித்தால், படையும் படையும் ஒட்டிய இடத்தில் நாக்கு சட்டென்று முறியும். படுக்கவைத்து அச்சடித்தால் தாங்கும். மாணவர் படிக்க வேண்டிய பாடமே இந்த ஒரு ஊசிக்குள் இருக்கிறது. அப்புறம், கடையில் மலிவாகக் கிடைக்கும் ஊசியை மெஷினில் ஏன் செய்ய வேண்டும்? சின்னக் கண் வலைக்கு ஒடுங்கிய ஊசி கடையில் இல்லாதபோதுதான் மெஷினுக்கு வேலை வருகிறது.

எல்லாவற்றையும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் அச்சடிப்பது இன்னொரு பிழை. அது 60 பாகை செல்சியஸ் அளவில் இளகிவிடும். வெயிலில் நிற்கும் ஓட்டோவின் முன்பக்கத்தில் வைத்தாலே கோணிவிடலாம். வெளியில் கிடக்கும் பொருளுக்கு ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் நல்லது. ஆனால் அச்சடிக்கும்போது புகை வரும், காற்றோட்டம் வேண்டும். மாரியில் பிளாஸ்டிக் இழை ஈரத்தை இழுக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

ஒளிக்கதிரால் பொருட்களை வெட்டும் லேசர் கட்டரையும் கொண்டுவந்தால், அதில் பீவீசி பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். மிஞ்சிய ஃபிளெக்ஸ் பேனரில் பை வெட்டலாம் என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் அதுவும் பீவீசிதான். ஐதரசன் குளோரைட் வாயு வந்து நெஞ்சையும் கெடுக்கும், மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும்.

செயலமர்வுத் திகதியைப் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்து வைக்காதீர்கள். இரவுத் தொழிலுக்குப் போய் வந்தவரைப் பகலில் உட்காரவைத்தால் தூங்கித்தான் விழுவார். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மார்கழி, தை வசதி. வலை திருத்தும் வேலையும் அப்போது இருக்கும். மூதூர், கிண்ணியா என்றால் வெள்ளி நண்பகல் ஜும்ஆ நேரத்தை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, டிசைன் ஃபைல். செமஸ்டர் முடிய, அது மாணவரின் மடிக்கணினியோடு ஊருக்குப் போய்விடும். அச்சடிக்கப் பாவிக்கும் எஸ்டிஎல் ஃபைலை மட்டும் கொடுத்தால் அளவு மாற்றுவது கஷ்டம். டிசைனைத் திருத்தக்கூடிய ஸ்டெப் ஃபைலையும், மில்லிமீற்றர் அளவுகள் எழுதிய ஒரு தாள் வரைபடத்தையும் கடற்றொழிலாளர் சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். பிரிண்டர் பழுதானாலும், அந்தத் தாளைப் பார்த்து ஓடாவி ஒருவர் மரத்தில் செய்துவிடுவார்.