கீரிமலையில் இருந்துகொண்டு அல்ப்ஸ் எல்லையைப் படிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது கீரிமலை. அதுவும் மலை இல்லை, கடற்கரையோரம் கொஞ்சம் உயர்ந்து நிற்கிற சுண்ணாம்புக்கல் மேடும் பக்கத்தில் ஒரு கேணியும்தான். ஆறு என்றால் வழுக்கையாறு, அது மாரியில் மட்டும் ஓடும். இப்படித் தட்டையான ஊரில் வளர்ந்தவர்களுக்கு அட்லசில் பழுப்பு நிறம் அடித்த இடமெல்லாம் ஒரே இடம்தான்.

ஆனால் இங்கே அதிகாரப் பகிர்வு பற்றி நாலு பேர் கூடிக் கதைத்தால் 'தென் ரைரோல்' எப்படியும் வந்து விழும். இத்தாலியின் வடக்கு எல்லையில், ஒஸ்ரியாவை ஒட்டி, ஜேர்மன் பேசுகிறவர்கள் பெரும்பான்மையாக வாழும் மலை மாகாணம். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒருநாள் அந்தக் கதை சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது ஏ.எல். படிக்கிற பெடியன் ஒருவன் அட்லசை விரித்து வைத்து, "எங்கே, காட்டுங்கோ பார்ப்பம்" என்றான். ஒருவருக்கும் காட்டத் தெரியவில்லை. எனக்கும்தான். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து படித்த முறையைத்தான் எழுதுகிறேன், நாலைந்து பின்னேரங்கள் போதும்.

முதலில் நாட்டு எல்லைகளை மறந்துவிடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். எல்லையோடு தொடங்கினால் எல்லை போட்டவனுடைய கண்ணால்தான் மலையைப் பார்ப்பீர்கள். ஒரு ரேசிங் தாள், ஒரு நீலப் பென்சில், மலையும் ஆறும் நிறத்தில் தெரிகிற ஒரு படம், இவ்வளவும் போதும். தாளை வைத்து ஆறுகளை மட்டும் கீறுங்கள். வடமேற்கு மூலையில் ரெஷன் கணவாய்க்குப் பக்கத்தில் அடிஜே ஆறு பிறக்கிறது, கிழக்கே ஓடி மெரானோவில் தெற்குப் பக்கமாகத் திரும்பி, பொல்சானோவுக்குப் பக்கத்தால் இறங்கி, திரெந்தோ, வெரோனா எல்லாம் தாண்டி அட்ரியாட்டிக் கடலில் விழுகிறது. பிரெனர் கணவாயடியில் ஐசாக் பிறந்து தெற்கே வருகிறது. கிழக்குப் பக்கத்தால் ரியென்ட்ஸ் வந்து பிரிக்சனில் ஐசாக்கோடு சேர, ஐசாக் பொல்சானோவுக்குக் கீழே அடிஜேயோடு சேர்கிறது. கீறி முடித்ததும் மொத்த மாகாணமும் மூன்று விரலை விரித்த கைபோலத் தெரியும். அந்த விரல்கள்தான் ஊர், ரோட்டு, ரயில் எல்லாம். விரல்களுக்கு நடுவில் இருப்பது பாறையும் பனியும்.

நீர்பிரிமேடு என்ற சொல்லை ஓ.எல். புவியியலில் பாடமாக்கியிருப்போம், கண்ணால் கண்டிருக்க மாட்டோம். ஒரு வெள்ளைத் தாளை நன்றாகக் கசக்கி, அரைவாசி மட்டும் விரித்து மேசையில் வையுங்கள். உயர்ந்து நிற்கிற மடிப்புகளின்மேல் தண்ணீரில் கரைகிற நீலப் பேனையால் கோடு போடுங்கள். பிறகு கையால் தண்ணீர் தெளியுங்கள். மை கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்து பள்ளங்களில் போய்த் தேங்கும். எங்கள் வாசிகசாலையில் செய்தபோது ஒரு சின்னப் பெட்டை, "அப்ப கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளியும் அந்தப் பக்கம் விழுந்த துளியும் பிறகு சந்திக்காதா?" என்று கேட்டாள். சந்திக்காது, ஒன்று ஒரு கடலுக்கும் மற்றது வேறு கடலுக்கும் போகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய தேசியவாதிகள் கையில் எடுத்தது இந்தத் துளியைத்தான். அட்ரியாட்டிக்குக்குத் தண்ணீர் ஓடுகிற பக்கமெல்லாம் இயற்கையாகவே இத்தாலி என்றார்கள். எத்தோரே தொலொமேய் என்பவர் 1904இல் ஒஸ்ரியாவுக்குள் இருந்த ஒரு சிகரத்தில் ஏறி, அதற்கு 'இத்தாலியின் உச்சி' என்று பெயரே வைத்துவிட்டு இறங்கினார். எல்லை அங்கே வருவதற்கு இன்னும் 15 வருடம் இருந்தது!

இந்த இடத்தில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலையத்தில் முதல்தரம் இதைப் பற்றிப் பேசியபோது, "எல்லை முழுக்க நீர்பிரிமேட்டில்தான் போகிறது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு இரவே சுவிஸில் இருக்கிற மச்சான் அழைத்து, "நீ கிழக்கு மூலையைப் பார்க்கேல்லையோ?" என்றான். பார்த்தேன். தோப்லாக்குக்குக் கிழக்கே தண்ணீர் மற்றப் பக்கம் திரும்பி, திராவா ஆறாகி, டான்யூப்பில் சேர்ந்து, கருங்கடலுக்குப் போகிறது. அந்தப் பக்கத்தில் இருக்கிற இன்னிகென், செக்ஸ்டன் என்ற ஊர்களும் இத்தாலிக்கே கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆக, நீர்பிரிமேடு வசதியாக இருந்த இடமெல்லாம் விதி, வசதிப்படாத இடத்தில் விதி இல்லை. ஆகவே எந்த மலை எல்லையை எடுத்தாலும் நீலக் கோடுகளுக்கு மேல் சிவப்பால் எல்லையைக் கீறி, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள். பிரிகிற இடத்தில் ஒரு பேரம் நடந்திருக்கும்.

அடுத்தது கணவாய். மலை என்றால் சுவர் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். பிரெனரின் உயரம் 1,370 மீற்றர்தான், சுற்றி நிற்கிற சிகரங்கள் 3,000 மீற்றருக்கு மேல். அல்ப்ஸின் நடுமுதுகில் இவ்வளவு தாழ்ந்த வாசல் வேறு அதிகம் கிடையாது, அதனால் ரோமர் காலத்திலிருந்து ஆட்களும் வண்டிகளும் அதாலேதான் போய்வந்தார்கள். கணவாயின் இரண்டு பக்கமும் ரைரோல் என்ற ஒரே நாடு, 1363இலிருந்து ஒஸ்ரியாவை ஆண்ட ஹாப்ஸ்பேர்க் குடும்பத்தின் கையில். வல்வெட்டித்துறை ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேதாரணியத்துக்குத் தோணியில் போய்வந்த தலைமுறைக்குக் கடல் ரோட்டாக இருந்தது, 1974இலும் 1976இலும் கொழும்பும் டில்லியும் கடலில் எல்லை கீறிய பிறகுதான் அது சுவர். அவர்களுக்குக் கணவாய் அப்படி.

கணவாயைப் பார்த்த கையோடு முட்டுச்சந்துப் பள்ளத்தாக்குகளையும் பாருங்கள். பெரிய வழியிலிருந்து ஒதுங்கிய க்ரோடன், காடர் பள்ளத்தாக்குகளில் லடின் என்ற மூன்றாவது மொழி இன்றைக்கும் பேசப்படுகிறது. லத்தீன் வழி வந்த பழைய மொழி. ஒதுக்குப்புறம் சின்ன மொழியைக் காப்பாற்றும், பெருவழி கரைத்துவிடும்.

சரி, இப்போது வருடங்கள். பலர் 1919இல் தொடங்குவார்கள், நீங்கள் 1915இல் தொடங்குங்கள். அந்த வருடம் ஏப்பிரலில் லண்டனில் ஒரு இரகசிய ஒப்பந்தம். முதல் உலகப் போரில் எங்கள் பக்கம் வந்தால் பிரெனர் வரை உனக்கு என்று பிரித்தானியாவும் பிரான்சும் ரஷ்யாவும் இத்தாலிக்கு வாக்குக் கொடுத்தன. 1919 செப்டெம்பரில், போரில் தோற்ற ஒஸ்ரியாவோடு செய்த செயின்ட் ஜேர்மைன் ஒப்பந்தத்தில் அது எழுத்தில் வந்து, 1920 ஒக்டோபரில் சட்டப்படி இணைக்கப்பட்டது. அங்கே இருந்த சனத்திடம் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஜேர்மன் பெயர், வலப்பக்கம் இத்தாலியப் பெயர். ஸ்ரேர்ட்சிங் - விப்பித்தேனோ. போட்சன் - பொல்சானோ. இன்னிகென் - சான் கன்டிடோ. ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று எழுதுங்கள், அங்கேதான் சுவாரசியம். பொல்சானோ இத்தாலியர் பழைய காலத்திலிருந்தே சொல்லிவந்த பெயர். விப்பித்தேனோ, ரோமர் காலத்துப் பெயரைத் தோண்டி எடுத்துத் தூசி தட்டியது. சான் கன்டிடோ அந்த ஊர்த் தேவாலயத்துப் புனிதர். சிகரத்தில் ஏறிய அதே தொலொமேய்தான் ஆயிரக்கணக்கில் இப்படிப் பெயர்ப் பட்டியல் போட்டவர், 1923இலிருந்து முசோலினியின் அரசு அதைச் சட்டமாக்கியது. 'ரைரோல்' என்ற சொல்லே தடை. ஜேர்மன் பள்ளிக்கூடங்களும் மூடப்பட, வீடுகளின் மேல்மாடிகளிலும் பண்ணைகளிலும் களவாகப் பாடம் நடந்தது. மணலாறு சிங்களத்தில் வெலிஓயா ஆனதைப் பார்த்த எங்களுக்கு இந்தக் கொப்பி வேலை அலுக்காது என்று நினைக்கிறேன்.

பெயருக்குப் பிறகு தலைக்கணக்கு. எண்களைத் தனியே பாடமாக்காதீர்கள், மூன்று வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1910இல் ஜேர்மன் பேசியவர்கள் 89 வீதம், இத்தாலியர் 3 வீதம் அளவில். 1961இல் ஜேர்மன் 62, இத்தாலியர் 34. 2011இல் ஜேர்மன் 69, இத்தாலியர் 26, லடின் நாலரை. ஐம்பது வருடத்தில் 3 எப்படி 34 ஆனது என்று கேட்டால் பொல்சானோவுக்குப் போக வேண்டும். 1930களின் நடுவில் அங்கே ஒரு பெரிய தொழிற்பேட்டையை அரசாங்கம் கட்டி, தெற்கிலிருந்து தொழிலாளரைக் குடியேற்றியது. அதனால்தான் இன்றைக்கும் பொல்சானோ நகரில் நாலில் மூன்று பங்கு இத்தாலியர், சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் ஜேர்மன். மாகாணச் சராசரி என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

நான் அதிக நேரம் நின்ற இடம் 1939. ஹிட்லரும் முசோலினியும் உடன்பட்டு இந்தச் சனத்துக்கு ஒரு தெரிவு கொடுத்தார்கள்: ஜேர்மனிக்குப் போ, அல்லது இங்கேயே இத்தாலியனாக இரு. அந்த வருடம் டிசெம்பர் 31க்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏறத்தாழ 86 வீதம் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உண்மையில் போனவர்கள் 75,000 பேர் அளவில், போர் முற்றியதும் அது நின்றுவிட்டது, போனவர்களில் ஒரு பகுதி பிறகு திரும்பியும் வந்தது. ஆனால் அந்தச் சில மாதங்களில் ஒரே வீட்டுக்குள் போகிறவன், நிற்கிறவன் என்று பிரிந்தார்கள். நின்றவனைத் துரோகி என்றார்கள், போனவனை மண்ணை விட்டவன் என்றார்கள். இதை வாசித்த அன்றைக்கு நான் அதற்கு மேல் படிக்கவில்லை, கொப்பியை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போய்விட்டேன்.

சட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்வது காரணத்தோடுதான். நிலத்தையும் பெயரையும் கணக்கையும் பார்த்த பிறகு சட்டம் தானாக விளங்கும். 1946 செப்டெம்பரில் பரிசில் இத்தாலியும் ஒஸ்ரியாவும் ஒரு உடன்படிக்கை செய்தன, தன்னாட்சி தருவதாக. 1948இல் தந்தார்கள், ஆனால் யாருக்கு? தென் ரைரோலை, திரெந்தோ நகரைத் தலைநகராகக் கொண்ட, இத்தாலியர் வாழும் திரெந்தீனோவோடு சேர்த்து ஒரே பிராந்தியமாக்கி, அந்தப் பிராந்தியத்துக்கு. சேர்த்துப் பார்த்தால் ஜேர்மன்காரர் திரும்பவும் சிறுபான்மை. அலகு எது என்பதுதான் எல்லாம், அதிகாரப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம். வடக்கும் கிழக்கும் 1988இல் சேர்ந்து 2006இல் நீதிமன்றத்தால் பிரிந்ததைக் கண்ட ஊரில் இதை நீட்டத் தேவையில்லை, இரண்டு கதையும் ஒன்று என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அங்கே சேர்த்தது சிறுபான்மையைக் கரைத்தது, இங்கே பிரித்ததுதான் மனத்தாங்கல்.

1957இல் சிக்முண்ட்ஸ்குரோன் கோட்டையில் பெருங்கூட்டம் கூடி, திரெந்தோவை விட்டுப் பிரி என்றது. 1960இல் ஒஸ்ரியா விடயத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. 1961 ஜூனில் தென் ரைரோல் தீவிரவாதிகள் ஒரே இரவில் 37 மின்கோபுரங்களைக் குண்டு வைத்துச் சாய்த்தார்கள். 1972இல் இரண்டாவது தன்னாட்சிச் சட்டம் வந்தது, அதிகாரங்களில் பெரும்பாலானவை பிராந்தியத்திலிருந்து மாகாணத்துக்கு இறங்கின. அரச வேலை மொழிக் குழுக்களின் விகிதப்படி, உத்தியோகத்தருக்கு இரண்டு மொழியிலும் பரீட்சை, வரியில் பத்தில் ஒன்பது பங்கு மாகாணத்துக்கே. வாக்குக் கொடுத்ததெல்லாம் நிறைவேறியது, சச்சரவு முடிந்தது என்று ஒஸ்ரியா ஐ.நா.வுக்கு அறிவிக்க 1992 ஆகிவிட்டது. கூட்டங்களில் இந்த 20 வருடத்தை ஒரு வசனத்தில் தாண்டிவிடுவார்கள். அதற்குள் ஒவ்வொரு பிரிவையும் இழுத்து இழுத்துத்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

படங்களும் தேடிப் பாருங்கள். ரெஷன் ஏரியின் நடுவில் ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும். 1950இல் மின்சார அணைக்காக மூழ்கடித்த ஊரின் மிச்சம் அது. அந்தக் கோபுரத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரை மறப்பதில்லை.

இதே முறையில் அடுத்ததாக நாங்கள் எடுத்திருப்பது நாகாலாந்தின் மொன் மாவட்டம். அங்கே லொங்வா என்ற ஊரில் இந்திய-மியன்மார் எல்லை தலைவர் வீட்டுக்கு ஊடாகவே போகிறது. அட்லசை விரித்துக் கேட்ட அந்தப் பெடியன் நேற்று வந்து ரேசிங் தாளைக் காட்டினான், பிரமபுத்திராவுக்குப் போகிற ஆறுகள் ஒரு நிறம், சிந்த்வினுக்குப் போகிற ஆறுகள் இன்னொரு நிறம். சிவப்புக் கோடு இன்னும் போடவில்லை.