பழைய ரிமோட் கார் ஓடவில்லையா? முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில், தீபாவளிக்கு வாங்கித் தந்த ரிமோட் கார்கள் இன்னும் அலமாரி மேல் கிடக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘செத்துப்போச்சு’ என்று ஒதுக்கிய காரில் பெரும்பாலும் சர்க்கிட் நன்றாகவே இருக்கும். கசிந்த பேட்டரி தகட்டையும் ஒயரையும் அரித்திருக்கும், அவ்வளவுதான்.

அல்கலைன் பேட்டரியின் கசிவு காரம். கையுறை போட்டு, பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் தடவுங்கள். வெள்ளைத் தூள் நுரைத்துக் கரையும். நுரை அடங்கியதும் ஈரப்பஞ்சால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவி உலரவிடுங்கள். மலிவான கார்பன் பேட்டரி கசிந்திருந்தால் அது அமிலம். அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். தகடு கருத்தே இருந்தால் நைஸ் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேயுங்கள்.

அடுத்தது ஒயர். மேலே சிவப்பு உறை புதுசு போலவே இருக்கும். நுனியை உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து, விரலில் பொடியாக உதிரும். பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவையுங்கள் (சோல்டரிங்). பச்சையில் ஈயம் ஒட்டாது.

மோட்டாரின் ஒரு ஒயரைக் கழற்றி, 2 ஏஏ பேட்டரியை நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். மோட்டார் சுற்றியும் சக்கரம் நகராமல் ‘டிக் டிக்’ என்றால், பெரும்பாலும் மோட்டார் தண்டில் மாட்டிய பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். பசை வைத்தால் நிற்காது. மோட்டாருக்குள் இறங்கி அதையும் இறுக்கிவிடும். பல்லை எண்ணி, தண்டின் தடிமனை அளந்து (சின்ன மோட்டாரில் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்) புதுசு மாட்டுங்கள். அச்சில் சுற்றிய முடியையும் செம்மண்ணையும் எடுத்து, அரிசியளவு கிரீஸ் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ரிமோட்டும் காரும் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும்: பழைய கார்களில் பெரும்பாலும் 27 அல்லது 49 மெகாஹெர்ட்ஸ், அடியில் ஒட்டியிருக்கும். பாடாங்கில் (திடலில்) இரண்டு கார் ஓட்டினால் ஒன்று 27, மற்றது 49 என்று பிரியுங்கள். இல்லாவிட்டால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் ஆடும். ஏரியலை முழுதாக இழுங்கள், காரின் ஏரியல் ஒயரை வெட்டாதீர்கள்.

மோட்டார் ஓடும்போது மட்டும் கார் திக்கித் திக்கிப் போனால், மோட்டாரின் முனைகளில் ‘104’ என்று எழுதிய சின்ன கெப்பாசிட்டர் (மின்தேக்கி) இருக்கிறதா பாருங்கள். அது விட்டுப்போனால் மோட்டாரின் தீப்பொறி இரைச்சல், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை மூழ்கடிக்கும். புதுசு ஒன்றைப் பற்றவைத்தால் ஓட்டம் சீராகும்.