பள்ளி மூடுவதற்குள் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்

அமெரிக்காவில் 11ஆம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள், கோடை விடுமுறைக்கு முன்பே கல்லூரி விண்ணப்பத்துக்கான பரிந்துரைக் கடிதத்துக்காக இரண்டு ஆசிரியர்களை நேரில் பார்த்துக் கேட்டுவிடுவது நல்லது. செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அவர்களிடம் பலர் கேட்டிருப்பார்கள். இந்த ஆண்டு பாடம் நடத்தியவர்களையே கேளுங்கள். அதிக மதிப்பெண் போட்டவர்தான் வேண்டும் என்பதில்லை. நீங்கள் முதலில் திணறி, பிறகு தேறியதைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்குத்தான் உயிர் இருக்கும். கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் சோதனை சரியாக வராமல், பள்ளி முடிந்தபின் இருந்து திரும்பச் செய்தீர்களா? அதை எழுதுங்கள். 'கடின உழைப்பாளி' என்ற சொல்லைவிட அது ஆசிரியருக்கு உதவும்.

அப்புறம், பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் இணையதளமான காமன் ஆப்பில் (Common App) இப்போதே கணக்குத் தொடங்கலாம். ஆகஸ்ட் 1 அன்று புதிய விண்ணப்பம் திறக்கும்போதும் அடிப்படை விவரங்கள் அப்படியே இருக்கும். பாடத்துக்கு வெளியே செய்த செயல்பாடுகளுக்கு அதில் 10 இடங்கள்தான், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துக்குறிகள்தான். முக்கியமானதை முதலில் போடுங்கள். 650 வார்த்தைக்குள் எழுத வேண்டிய கட்டுரைக்கு ஜூலையிலேயே ஒரு வரைவு எழுதி வைத்தால், நவம்பர் 1 கெடு வைக்கும் கல்லூரிகளுக்கு அவதிப்படாமல் அனுப்பலாம்.