புதியவர்களுக்கு வகுப்பு வேண்டாம், காகிதக் கப் போதும்

குழந்தைகள் அருங்காட்சியகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் காற்றுக் குழாயை, அதாவது அடியில் உள்ள விசிறி காற்றை மேல்நோக்கி ஊதும் நிமிர்ந்த குழாயை, பற்றி விளக்கம் சொல்லாதீர்கள். வாசல் திறப்பதற்கு முன் 20 நிமிடம், மூன்று பேருக்கு ஒரு குழாய் என்று விளையாட விடுங்கள். ஆளுக்கு 2 காகிதக் கப், 4 பேப்பர் கிளிப், 30 செ.மீ. செலோடேப், ஒரு கத்தரிக்கோல். கப் மேலே பறந்தும் போகக்கூடாது, கீழே விழவும் கூடாது. 5 நொடி குழாய்க்குள்ளேயே மிதக்க வேண்டும். முட்டிபோட்டபடிதான் செய்ய வேண்டும். 'ஏனென்றால்' என்ற சொல்லுக்குத் தடை, கேள்வி மட்டும் கேட்கலாம்.

வெறும் கப் விர்ரென்று வெளியே பாயும். கிளிப்பை அள்ளி மாட்டினால் பொத்தென்று விழும். பக்கவாட்டில் கீறி, காற்று கசிய வழிவிட்டால்தான் மெல்லத் தடுமாறி நிற்கும். நாலு தடவை தானே தோற்றவர், குழந்தை தோற்கும்போது விடையை நீட்ட மாட்டார். முட்டிபோட்டுப் பார்த்தால், சின்னக் கைக்கு எது எட்டாது என்பதும் தெரிந்துவிடும். டேப்பை முழுச் சுருளாகக் கொடுத்தால் கப்பையே சுற்றிவிடுவார்கள், யோசிக்க மாட்டார்கள். நூல், நீள ரிப்பன் கூடவே கூடாது, விசிறியில் சிக்கும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் பத்தாவது நிமிடத்தில் பொறுமையிழந்து செய்துகாட்டும் மேற்பார்வையாளர்தான்.

தீ விபத்து, காணாமல்போன குழந்தை, முதலுதவி ஆகியவற்றுக்கு இந்த முறை உதவாது. அவற்றை வரிசை மாறாமல் நேரடியாகச் சொல்லிக்கொடுத்து, ஒத்திகையும் பார்க்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்களுக்கு ஒரு மணைப்பலகை போடுங்கள்.